வகுப்பில் வாய் திறக்காத மாணவர்கள்: நேரிலும் இணையவழியிலும் உங்களுக்குப் பலன் தந்தது எது?

புள்ளியியல் ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்)

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஷிப்டில் புள்ளியியல் நடத்துகிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். காலையில் ஜவுளிக் கடையிலோ பெட்ரோல் பங்கிலோ வேலை பார்த்துவிட்டு மதியம் வகுப்புக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவர்களுக்கு இங்கே பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாத் தலைகளும் ஆடும். விடைத்தாளைத் திருத்தும்போதுதான் உண்மை தெரியும்.

மாணவர்களைப் பாடத்தில் ஈடுபடுத்துவது பற்றிய பயிற்சி முகாம்களில் செயலிகளைப் பற்றியும் வண்ணப் படங்களைப் பற்றியுமே அதிகம் பேசுகிறார்கள். என் கருத்து வேறு. மாணவர் ஏதாவது ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டிய கேள்வி ஒன்று வேண்டும். தவறான பக்கம் நின்றாலும் அவருடைய மரியாதை குறையக் கூடாது. இந்த இரண்டும் இருந்தால் கரும்பலகையே போதும். இல்லாவிட்டால் எந்தச் செயலியும் உதவாது.

ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் ஒரு முறையைக் கையாளத் தொடங்கினார். அவருடைய மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போட்டுவிடுவார்கள். விசை பற்றிய எளிய கருத்துக் கேள்வியில் தடுமாறுவார்கள். ஆகவே விரிவுரையை இடையிடையே நிறுத்தி, கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வியை வைத்தார். முதலில் யாருடனும் பேசாமல் ஒவ்வொருவரும் விடை தேர வேண்டும். சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரிடம் தன் காரணத்தை விளக்க வேண்டும். பிறகு மறுபடி விடை சொல்ல வேண்டும். ஆசிரியரின் விளக்கம் அதன் பிறகுதான்.

என் வகுப்பில் இதற்கு ஒரு தாள் போதும். நான்காக மடித்து அ, ஆ, இ, ஈ என்று எழுதி, தேர்ந்த எழுத்து என் பக்கம் தெரியும்படி நெஞ்சோடு ஒட்டிப் பிடிப்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. நிகழ்தகவில் நான் வைக்கும் ஒரு கேள்வி:

ஆயிரம் பேர் உள்ள ஊரில் பத்துப் பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. ஒரு பரிசோதனை, நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். நோய் இல்லாதவர்களிலும் 10 விழுக்காட்டினருக்குத் தவறாக "நோய் உண்டு" என்று காட்டிவிடும். ஊரில் எல்லோரையும் பரிசோதித்ததில் உங்களுக்கு "உண்டு" என்று வந்திருக்கிறது. உண்மையிலேயே நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? (அ) 90% (ஆ) ஏறத்தாழ 80% (இ) ஏறத்தாழ 50% (ஈ) 10 விழுக்காட்டுக்கும் கீழே.

முதல் சுற்றில் அ-தான் அதிகம் எழும். சூத்திரத்தை நான் கரும்பலகையில் எழுதுவதில்லை. "ஆயிரம் பேரையும் எண்ணிப் பாருங்கள்" என்று மட்டும் சொல்வேன். நோய் உள்ள பத்துப் பேரில் 9 பேருக்கு "உண்டு" என்று வரும். நோய் இல்லாத 990 பேரில் 99 பேருக்கும் அப்படியே வரும். ஆக 108 பேரில் 9 பேர், அதாவது பன்னிரண்டில் ஒருவர். இதைத் தாங்களாகவே கண்டுபிடித்துவிட்டு ஒருவரோடு ஒருவர் வாதாடும்போது வகுப்பில் எழும் சத்தத்தைக் கேட்க வேண்டும். பேசுவது முழுக்கத் தமிழில். எழுதுவது பிறகு ஆங்கிலத்தில்.

இணையவழி வகுப்பில் எனக்கு இவ்வளவு பலன் கிடைப்பதில்லை. மழை விடுமுறை நாட்களிலும் சனிக்கிழமைகளிலும் கூகுள் மீட்டில் நடத்துகிறேன். கேமரா அணைந்த கருப்புக் கட்டங்களைப் பார்த்துப் பேசுவது மிகவும் சோர்வாக இருக்கிறது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

வேதியியல் ஆசிரியை, நெல்லை

சார், தாளை நெஞ்சோடு பிடிப்பது நல்ல யோசனை. நாங்கள் மகளிர் கல்லூரி. இங்கே பெயர் சொல்லி எழுப்பிக் கேட்டால், எழுந்த பெண் தலைகுனிந்து நிற்பாள். மற்றவர்கள் "தப்பித்தோம்" என்று மூச்சு விடுவார்கள். ஆகவே நான் யாரையும் தனியாக எழுப்புவதில்லை. இரண்டு பேர் பேசி முடித்த பிறகு, "உங்கள் இருவரில் யாராவது சொல்லுங்கள், நீங்கள் என்ன பேசினீர்கள்?" என்று கேட்பேன். அப்போது அந்த விடை ஒருவருடையதாக இல்லை, இருவருடையதாகிவிடுகிறது.

இன்னொன்று, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் பள்ளி வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று வினாடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன, "தெரியாது" என்பது குறைந்தது, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஆங்கிலத்தில் கேட்ட கேள்வியைத் தமிழில் யோசித்து மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டிய நம் மாணவிகளுக்கு மூன்று வினாடி எப்படிப் போதும்? நான் மனதுக்குள் பத்து வரை எண்ணுகிறேன். மௌனம் நமக்குத்தான் சங்கடம். அவர்களுக்கு அது யோசிக்கக் கிடைத்த நேரம்.

ஆய்வகத்தில் இது இன்னும் எளிது. பியூரெட்டிலிருந்து கடைசித் துளி விழுவதற்கு முன்னால் "இப்போது நிறம் என்ன ஆகும், ஏன்?" என்று எழுத வைத்துவிட்டால் போதும். செய்முறை கையோடு நின்றுவிடாமல் மனத்துக்கும் போகும். ரெக்கார்டு நோட்டில் சீனியரின் கணக்கைப் பார்த்து எழுதும் பழக்கம்கூட இதனால் குறைந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்

தம்பி, ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் சில உண்மைகளைச் சொல்ல வேண்டும். பருவத்துக்கு ஐந்து அலகுகள். இடையில் உள்மதிப்பீட்டுத் தேர்வுகள், விளையாட்டு விழா, மழை விடுமுறை. பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75 மதிப்பெண், உள்மதிப்பீட்டுக்கு 25. ஒரு கேள்விக்குப் பன்னிரண்டு நிமிடம் செலவிட்டால் நான்காம், ஐந்தாம் அலகுகளை யார் முடிப்பது? அவற்றிலிருந்து கேள்வி வந்தால் நட்டம் மாணவனுக்கே.

நல்ல விரிவுரை என்பதும் ஒரு கலை. ஒரு மணி நேரம் குறிப்பில்லாமல் பேசி எங்களைக் கட்டிப்போட்ட ஆசிரியர்களிடம் படித்தவன் நான். அவர்களால்தான் பொருளியலை விரும்பினேன். அதைப் பழைய முறை என்று ஒதுக்கிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

புள்ளியியல் ஆசிரியர்

ஐயா, விரிவுரையை ஒதுக்கச் சொல்லவில்லை. எப்போது விரிவுரை என்பதுதான் என் கேள்வி. 1998இல் ஸ்வார்ட்ஸ், பிரான்ஸ்ஃபோர்டு என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். முதலில் தரவுகளைத் தாங்களே அலசிவிட்டு, பிறகு விரிவுரை கேட்டவர்கள், பாடப்பகுதியைச் சுருக்கி எழுதிவிட்டு அதே விரிவுரையைக் கேட்டவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். உங்களைக் கட்டிப்போட்ட அந்த விரிவுரைகள் உங்களிடம் வேலை செய்ததற்கு, உங்களிடம் ஏற்கெனவே கேள்விகள் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

பாடத்திட்டம் முடியாது என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் நான் முடித்துவிட்டேன் என்பதற்கும் மாணவர் படித்துவிட்டார் என்பதற்கும் உள்ள தூரத்தை எண்கள் காட்டுகின்றன. 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி 33.8 விழுக்காடு. மாணவர் ஏதாவது செய்து கற்ற வகுப்புகளில் 21.8. அவை பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரிகள்; நம் எண்கள் வேறாக இருக்கும். ஆனாலும் நூற்றில் பன்னிரண்டு பேர் என்பது என் வகுப்பில் இரண்டு பெஞ்சுப் பிள்ளைகள். அவர்களுக்காக ஐந்தாம் அலகில் சில பகுதிகளைக் குறிப்பாகக் கொடுத்துப் படிக்கச் சொல்ல நான் தயார்.

எம்.எஸ்சி. மாணவி

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் எழுதலாமா என்று தயங்கினேன். மாணவர் பக்கத்திலிருந்து இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, கேமராவை அணைத்து வைப்பதைப் பற்றி. நான் பி.எஸ்சி. படித்தபோது கொரோனா காலம். எங்கள் வீட்டில் ஒரே அறை, ஒரே ஸ்மார்ட்போன். தம்பிக்கும் அதே நேரத்தில் பள்ளி வகுப்பு. கேமராவைப் போட்டால் பின்னால் அம்மா சமைப்பது தெரியும், துணி காய்வது தெரியும். 2021 தொடக்கத்தில் அரசு நாளொன்றுக்கு 2 ஜிபி டேட்டா தந்தது பெரிய உதவி. ஆனாலும் மாடிக்குப் போனால்தான் சிக்னல் கிடைக்கும். "கேமராவைப் போடாதவர்களுக்கு வருகைப் பதிவு இல்லை" என்று சொன்ன வகுப்புகளில் நான் பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன். பாடம் எதுவும் மனத்தில் இல்லை.

எங்கள் மேடம் ஒருவர் வேறு மாதிரி செய்தார். கேள்வியைச் சொல்லிவிட்டு, "விடையைத் தட்டச்சு செய்து வைத்துக்கொள்ளுங்கள், அனுப்பாதீர்கள். நான் சொன்னதும் எல்லோரும் ஒன்றாக அனுப்புங்கள்" என்பார். ஒரே நேரத்தில் நாற்பது விடைகள் வந்து விழும். என் தவறு யார் கண்ணிலும் தனியாகப் படாது. தமிழில் எழுதலாம், தமிழை ஆங்கில எழுத்தில்கூட எழுதலாம். அந்த வகுப்பில் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை.

இரண்டாவது, நாங்கள் பேசாமல் இருப்பது பாடம் தெரியாததால் மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் தவறாகப் பேசினால் பின்பெஞ்சில் யாராவது சிரிப்பார்கள். முதல் வாரத்தில் ஒரு சிரிப்பை ஆசிரியர் கண்டிக்காமல் விட்டால், அந்தப் பருவம் முழுவதும் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

வேதியியல் ஆசிரியை, நெல்லை

கடைசி வரியை எங்கள் துறைக் குழுவில் அப்படியே பகிர்ந்திருக்கிறேன் அம்மா. தயங்காமல் எழுதுங்கள்.

யாழ்ப்பாண விரிவுரையாளர்

எங்கள் நிலையையும் சொல்கிறேன். இங்கே கலைப்பீடத்தில் தமிழில் கற்பிக்கிறோம். விஞ்ஞான பீடத்தில் ஆங்கிலம். உயர்தரம் (பள்ளியின் இறுதிக் கட்டம்) வரை தமிழில் படித்துவிட்டு வரும் பிள்ளைகளின் தடுமாற்றம் உங்களுடையதைப் போன்றதுதான்.

2020இல் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் லேர்ன் என்ற கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான இணைய வலையமைப்பு மூலம் சூம் வகுப்புகளுக்கு மாறின. மாணவர்களுக்கு டேட்டாச் செலவு இல்லாமல் இணைய வழி செய்யப்பட்டது பெரிய ஆறுதல். 2022இல் நிலைமை இன்னும் கடினம். எரிபொருள் இல்லை, பஸ் இல்லை, மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு. எந்த நேரத்தில் எந்தப் பிள்ளைக்கு மின்சாரம் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில் உருவான வழக்கத்தை இன்றும் விடவில்லை. நேரலையில் விளக்கம் சொல்வதில்லை. விளக்கத்தைப் பத்து நிமிடத்துக்குள் ஒலிப்பதிவாக்கி, கையால் எழுதிய இரண்டு பக்கத்தைப் படமெடுத்து, இரண்டையும் மூடுல் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் போட்டுவிடுவேன். எந்த நேரத்திலும் இறக்கிக் கேட்கலாம். சேர்ந்து இருக்கக் கிடைக்கும் அந்த முக்கால் மணி நேரம் விவாதத்துக்கு மட்டும். நான்கு நான்கு பேராகச் சூமில் உள்ள சிறு அறைகளுக்கு அனுப்புவேன். ஆனால் வெறுமனே "கலந்துரையாடுங்கள்" என்று அனுப்பினால் நான்கு பேரும் மௌனமாக இருந்துவிட்டுத் திரும்பி வருவார்கள். "ஏழு நிமிடத்தில் இந்த மூன்று காரணங்களில் மிகப் பலவீனமானது எது என்று முடிவு செய்து, ஏன் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்ப வேண்டும். யார் எழுதுவது என்பதையும் நானே சொல்லிவிடுவேன். வழக்கமாகக் குழுவில் அதிகம் பேசும் பிள்ளையிடம் எழுதும் பொறுப்பைக் கொடுத்தால், மற்றவர்கள் பேச வேண்டி வருகிறது.

பொறியியல் கல்லூரி ஆசிரியை, கோவை

ஒலிப்பதிவின் நீளம் பற்றி யாழ்ப்பாண ஐயா சொன்னதற்கு ஆதாரம் உண்டு. 2014இல் எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் 69 இலட்சம் காணொளி அமர்வுகளை ஆராய்ந்த ஃபிலிப் குவோ குழுவினர், காணொளி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை என்று கண்டார்கள். வெறும் ஸ்லைடுகளைவிட, கையால் எழுதிக்கொண்டே விளக்கும் காணொளிகளைக் கூடுதலாகப் பார்த்தார்கள். நம் கரும்பலகைப் பழக்கம் அங்கே நமக்குச் சாதகம்.

எங்கள் மாணவர்கள் என்பிடெல் என்ற இணையவழிப் பாடங்களையும் எடுக்கிறார்கள். 2003இல் ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் தொடங்கிய அந்தத் திட்டம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் வாராந்தர ஒப்படைப்புகளின் விடைகள் டெலிகிராமில் சுற்றுகின்றன. சாட்ஜிபிடி வந்த பிறகு என் வகுப்பு ஒப்படைப்புகளும் அப்படித்தான். இதைக் காவல் வேலையாக மாற்ற நான் விரும்பவில்லை. எழுதிக் கொடுத்த விடையிலிருந்து ஒரு வரியைச் சுட்டி, "இந்த அளவை இரண்டு மடங்காக்கினால் என்ன ஆகும்?" என்று நேரில் ஐந்து நிமிடம் கேட்கிறேன். மதிப்பெண்ணில் பாதி அதற்கு. எல்லோரையும் ஒரே வாரத்தில் கேட்க முடியாது, சுழற்சியில் கேட்கிறேன்.

வகுப்பு தொடங்கியதும் போன வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்விகளையும் வைக்கிறேன். நோட்டைப் பார்க்கக் கூடாது, மதிப்பெண்ணும் கிடையாது. ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்ததில், பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். பல்கலைக்கழகத் தேர்வு வகுப்பு முடிந்து ஐந்து நிமிடத்தில் நடப்பதில்லையே.

வாட்ஸ்அப் வாக்கெடுப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் யார் எதற்கு வாக்களித்தார் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் ஐந்து பேர் எதை அழுத்துகிறார்களோ அதையே மற்றவர்கள் அழுத்துவார்கள். கூகுள் படிவத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

தமிழ்த்துறை ஆசிரியர்

பேச்சு முழுவதும் அறிவியல் பாடங்களைச் சுற்றியே இருக்கிறது. இலக்கியத்திலும் இது அழகாக வரும். சங்க அகப்பாடல்களை நடத்தும்போது பாடலின் கீழே உள்ள திணை, கூற்றுக் குறிப்புகளை மறைத்துவிட்டுப் பாடலை மட்டும் கொடுக்கிறேன். பேசுவது யார்? தலைவியா, தோழியா, செவிலியா? யாரிடம் பேசுகிறார்? ஒரு பக்கம் நின்றாக வேண்டும். பாடலில் உள்ள ஒரு சொல்லையாவது சான்றாகக் காட்ட வேண்டும்.

குறிப்போடு கொடுத்தால் "இது தலைவி கூற்று" என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போவார்கள். மறைத்துக் கொடுத்தால், விளியை ஒருவர் பிடிப்பார், மரத்தின் பெயரை வைத்து நிலத்தை ஒருவர் சொல்வார், "இவ்வளவு கோபம் தோழிக்குத்தான் வரும்" என்று ஒரு பெண் சண்டை பிடிப்பாள். சில பாடல்களில் அவர்கள் சொல்லும் மாற்று விடை, பழைய குறிப்பைவிடப் பொருத்தமாக எனக்கே தோன்றியிருக்கிறது. அதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்வேன். அன்றைக்குப் பிறகு அந்த வகுப்பு வேறு வகுப்பாகிவிடும்.

ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்

எல்லாவற்றையும் படித்தேன். பாடத்திட்டம் பற்றிய என் கவலை தீரவில்லை. அதைத் துறைத்தலைவர்களும் பாடத்திட்டக் குழுக்களும் எடுத்துப் பேச வேண்டும், தனி ஆசிரியரின் தலையில் வைக்கக் கூடாது. இன்னொன்றும் சொல்கிறேன். கௌரவ விரிவுரையாளர்களாகக் குறைந்த தொகுப்பூதியத்தில் இருப்பவர்களிடம் இந்த உழைப்பையெல்லாம் எதிர்பார்க்கிறோம். புதுக் கேள்வி ஒன்றை யோசித்து எடுக்க ஒரு மாலைப் பொழுது ஆகும். அந்த நேரத்துக்கு யார் ஊதியம் தருகிறார்கள்?

தமிழ்த்துறை நண்பர் சொன்னதைப் படித்ததும் ஒரு கேள்வி தோன்றியது. ஓய்வுக்குப் பின்னும் ஒரு கல்லூரியில் முதலாண்டுக்குச் சில வகுப்புகள் எடுக்கிறேன். சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

மழையில் பயிர் அழுகி, சந்தைக்கு வெங்காய வரத்து குறைந்தது. விலை கிலோ 30 ரூபாயிலிருந்து 80 ஆனது. வீடுகளில் வாங்கும் அளவு குறைந்தது. (எந்த விலையில் மக்கள் எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டுவது தேவைக் கோடு; எவ்வளவு விற்பனைக்கு வரும் என்று காட்டுவது அளிப்புக் கோடு.) (அ) தேவைக் கோடு இடப்பக்கம் நகர்ந்தது. (ஆ) தேவைக் கோடு அப்படியே இருக்கிறது; அதன்மேல் வேறு புள்ளிக்குப் போனோம். (இ) தேவைக் கோடு, அளிப்புக் கோடு இரண்டும் நகர்ந்தன.

புள்ளியியல் ஆசிரியர்

ஐயா, ஊதியம் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். துறைக்குள் கேள்விகளைப் பகிர்ந்துகொள்வதாவது அந்தச் சுமையைக் கொஞ்சம் குறைக்கும். ஆளுக்கு இரண்டு என்று சேர்த்தாலே ஒரு பருவத்துக்கு வந்துவிடும்.

உங்கள் கேள்வி நன்றாக இருக்கிறது. "வாங்குவது குறைந்தது, ஆகவே தேவை குறைந்தது" என்று அ-வைப் பலர் பிடிப்பார்கள். அந்தத் தவறு வெளியே வருவதுதான் நமக்கு வேண்டும்.

எம்.எஸ்சி. மாணவி

ஐயா, என் விடை ஆ. இதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்தால் எப்படி? புரட்டாசியில் கோழிக்கறி விலை இறங்குகிறது, ஆனாலும் விற்கும் அளவும் குறைகிறது. விலை இறங்கினால் மக்கள் அதிகம் வாங்குவார்கள் என்றுதானே படித்தோம்? இதற்கு விடை சொல்லும்போது கோடே நகர்வது என்றால் என்ன என்று தெரிந்துவிடும். பிறகு வெங்காயத்துக்கு வந்தால் வித்தியாசம் புரியும்.

ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர்

நல்ல கேள்வி அம்மா. புரட்டாசியை முதலில் வைக்கிறேன், வெங்காயம் இரண்டாவது. அளிப்புக் கோட்டுக்கும் இப்படி இரண்டு கேள்விகள் வேண்டும். கோவை ஆசிரியை சொன்னபடி, அவற்றை மதிப்பெண் இல்லாமல் அடுத்த வாரத் தொடக்கத்தில் வைக்கலாம் என்று இருக்கிறேன். யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.